முள் காட்டிய கால் டேங்க்

மதுரவாயலிலிருந்து புழல் போகும் பைபாஸ் சாலையில், அம்பத்தூரை நெருங்கும் இடத்தில், இரவு ஒன்பதரை மணிக்கு என் கார் இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றுபோனது. டாஷ்போர்டில் பெட்ரோல் முள் கால் டேங்கில் இருந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்ப் போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, பின்னால் சிவப்பு முக்கோணத்தை வைத்துவிட்டு, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

“பெட்ரோல் இருக்கா சார்?”

“கால் டேங்க் இருக்கே.”

“முள்ளு சொல்லுதா, நீங்க பாத்தீங்களா?”

அந்தக் கேள்வி எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. அண்ணன் மகன் பைக்கில் வந்து இரண்டு லிட்டர் ஊற்றினான். நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முள் அதே கால் டேங்கில்தான் இருந்தது. இல்லாத பெட்ரோலைக் காட்டியபோதும் கால்; இரண்டு லிட்டர் வந்த பிறகும் கால்.

முள் எதைப் பார்த்து அப்படிச் சொன்னது என்று தெரிந்துகொள்ள, பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரிக் கரைக்குப் போவது நல்லது. மழைக்காலத்தில் அந்த ஏரியைப் பற்றி இரண்டு எண்களைச் செய்திகளில் படிக்கிறோம். ஒன்று அடி: முழு உயரம் 24 அடி. இன்னொன்று மில்லியன் கன அடி: முழுக் கொள்ளளவு 3,645. இவற்றில் ஒன்றைத்தான் நேரடியாக அளக்கிறார்கள். அளவுகோலில் தண்ணீர் எந்த அடியைத் தொடுகிறது என்று பார்ப்பதுதான் அளவு. எத்தனை மில்லியன் கன அடி என்பது, இத்தனை அடிக்கு இத்தனை நீர் என்று முன்பே நில அளவை செய்து போட்டுவைத்த அட்டவணையிலிருந்து வருவது. ஏரி கிண்ணம் மாதிரி, அடியில் குறுகி மேலே விரிந்தது. அடிமட்டத்து ஓர் அடியில் இருக்கும் தண்ணீரும் மேல்மட்டத்து ஓர் அடியில் இருக்கும் தண்ணீரும் ஒன்றில்லை. 12 அடி என்றால் பாதி ஏரி என்று கணக்குப் போடுகிறவர் ஏமாந்துபோவார்.

காரின் டேங்கும் அப்படித்தான். பின்சீட்டுக்கு அடியில் புகைக்குழாய்க்கும் அச்சுக்கும் வளைந்து இடம்விட்டு உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் பாத்திரம் அது. எந்தப் பக்கமும் நேர்கோடு கிடையாது. அதற்குள் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று எந்தக் கருவியும் எண்ணுவதில்லை. பெட்ரோலின் மேற்பரப்பில் ஒரு மிதவை மிதக்கிறது. பட்டறைகளில் அதை ஃப்ளோட் என்பார்கள். மிதவை, கம்பி, மின்பகுதி எல்லாம் சேர்ந்தது டேங்க் யூனிட். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், அதைப் பிடித்திருக்கும் கம்பி ஒரு கோணம் சாயும். கம்பியின் மறுமுனையில் மெல்லிய உலோக விரல் ஒன்று, மின்தடைப் பொருள் பூசிய வளைந்த பாதையில் உரசிக்கொண்டே நகரும். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை கூடும், குறையும். அந்த ஓம் கணக்கு ஒயர் வழியாக முன்னால் வந்து முள்ளை நகர்த்துகிறது. மட்டம் கோணமாகிறது, கோணம் ஓம் ஆகிறது, ஓம் முள்ளாகிறது, முள்ளை நம் மனம் லிட்டராக்கிக்கொள்கிறது. நான்கு மொழிபெயர்ப்புகள். தப்பு எதில் வேண்டுமானாலும் நுழையலாம்.

இந்த ஓம் கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நோய் கண்டுபிடிப்பதில் பாதி சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பிய வழக்கம் ஒன்றில் காலி டேங்குக்கு 10 ஓம், நிறைந்த டேங்குக்கு 180 ஓம். அமெரிக்க வழக்கம் ஒன்று தலைகீழ்: காலிக்கு 240, நிறைந்தால் 33. இப்போது வழியில் எங்கோ துரு ஏறி, வேண்டாத 20 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். முதல் வகையில் காலி டேங்கின் 10 ஓம் 30 ஆகிவிடும். முள் எட்டில் ஒரு பங்கு பெட்ரோல் இருப்பதாகக் காட்டும். 40 லிட்டர் டேங்கில் அது ஏறக்குறைய 5 லிட்டர். இரண்டாம் வகையில் அதே துரு எதிர்ப்பக்கம் இழுக்கும்: ஃபுல் டேங்கின் 33 ஓம் 53 ஆகி, எவ்வளவு ஊற்றினாலும் முள் எஃப் வரை ஏறாது. ஒரே துரு ஒரு காரில் நம்மை நடுவழியில் நிறுத்தும், இன்னொரு காரில் தேவைக்கு முன்னாலேயே பெட்ரோல் பங்குக்கு அனுப்பும். ஆகவே எண்களைப் பார்க்காமல் “யூனிட் மாத்திடலாம்” என்று சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

மறுநாள் காலை பட்டறையில் என் மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. முதலில் கேட்டது இது:

“ஃபுல் போட்டா முள்ளு எங்க நிக்குது சார்?”

போன மாதம் திருத்தணி போனபோது ஒரே ஒரு தடவை நிறைய ஊற்றியிருந்தேன். முள் அச்சாக எஃப் கோட்டில் நின்றது. கேஜ் நன்றாக இருக்கிறது என்று நான் நம்பியதற்கு அதுவே காரணம்.

“அப்ப எர்த் இல்ல சார். எர்த்னா எல்லா எடத்துலயும் தப்பு காட்டணும். ஃபுல்லுல கரெக்ட்டு, கீழ தப்புன்னா உள்ள எங்கயோ ஒரு எடத்துல மட்டும் கோளாறு.”

எனக்கு இது ஒரு நல்ல மருத்துவர் நாடி பிடிப்பது போல இருந்தது. என் கார் 10–180 வகை. இல்லாத கால் டேங்கைக் காட்ட 40 ஓமுக்கு மேல் கூடுதலாக வேண்டும். அந்த 40 ஓம், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயரில் உட்கார்ந்திருந்தால், ஃபுல் டேங்கின்போது 180 என்பது 220 ஆகி, முள் எஃப் கோட்டைத் தாண்டிப்போய் முட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கருவி எதையும் தொடாமல், ஒரு கேள்வியிலேயே பாதி சந்தேகம் கழிந்துவிட்டது.

இருந்தாலும் அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பின்சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, டேங்க் யூனிட்டில் ஒயர்கள் வந்து சேரும் கப்ளரைப் பிடுங்கினார். இந்தக் கப்ளர்தான் வீட்டு வாசற்படி மாதிரி. கோளாறு படிக்கு உள்ளே டேங்கிலா, வெளியே ஒயரிலும் முள்ளிலுமா என்று இங்கே நின்று பிரித்துவிடலாம். யூனிட்டுக்குப் பதிலாக ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டரைக் கப்ளரில் செருகினார். 10 ஓம் வைத்ததும் முள் ஈ கோட்டுக்கு வந்தது. 82 ஓம் வைத்ததும் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. வெளிப்பக்கம் சுத்தம். டேங்க் யூனிட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தபோது, சாவி ஆன் நிலையில், ஒரு வோல்ட்டில் நூறில் இரண்டு பங்குதான் வந்தது. எர்த்தும் சுத்தம்.

பிறகு மீட்டரை ஓமுக்குத் திருப்பி யூனிட்டின் பக்கம் வைத்தார். டேங்கில் இருந்தது இரண்டு லிட்டருக்கும் குறைவு. 10 ஓம் பக்கத்தில் வரவேண்டும். 52 வந்தது. காரை ஒருவர் பக்கவாட்டில் ஆட்ட, 47, 60, 51 என்று எண் துள்ளியது. நான் மனக்கணக்காக 52-இலிருந்து 10-ஐக் கழித்து 170-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய சரியாகக் கால். நேற்று இரவு முள் காட்டிய அதே கால்.

(இதை வீட்டு வாசலில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: கப்ளர் வரை பார்ப்பது வேறு, யூனிட்டை டேங்கிலிருந்து வெளியே எடுப்பது வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய கொட்டகையில் தரையோடு தேங்கி, சிறு பொறிக்குக் காத்திருக்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, திறந்தவெளியில், தெரிந்தவர் கையால் செய்யவேண்டிய வேலை அது. புதிய வண்டிகளில் ஒயரை நேராக எர்த்தில் தொட்டுப் பார்க்கும் பழைய பழக்கமும் வேண்டாம். அந்த ஒயர் இப்போது முள்ளுக்குப் போகாமல் ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிறது.)

யூனிட் வெளியே வந்தது. மேசையில் வைத்து, மீட்டரை இணைத்து, மிதவைக் கம்பியை மெதுவாக நகர்த்தினார். மேலிருந்து பாதிவரை எண்கள் வழுக்கிக்கொண்டு இறங்கின. கால் பகுதிக்குக் கீழே வந்ததும் தாவின. உருப்பெருக்கியில் பார்த்தேன்: மேல்பக்கத்துப் பாதை புதிது போலப் பளபளத்தது, கீழ்ப்பக்கம் பள்ளம் விழுந்து கறுத்திருந்தது.

“ஐநூறு ஐநூறா போடுவீங்களா சார்?”

அந்தக் கேள்விக்கு நான் தலையாட்டினேன். சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு ஐநூறு ரூபாய்க்கு ஐந்து லிட்டர்கூடக் கிடையாது. பல ஆண்டுகளாக என் டேங்கில் மட்டம் காலிக்கும் காலுக்கும் இடையில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அலுங்கும் பெட்ரோலோடு மிதவை ஓயாமல் ஆடும். அத்தனை ஆட்டத்திலும் அந்த உலோக விரல் பாதையின் அதே குறுகிய வளைவில் ஆயிரமாயிரம் முறை உரசியிருக்கிறது. கிணற்றுக் கல்லில் கயிறு உரசும் இடம் மட்டும் தேய்வது போல. எந்த மட்டத்தில் வண்டியை வைத்திருக்கிறோமோ அந்த இடத்தில் கேஜ் தேய்கிறது. அதனால் குறைவாக ஊற்றுகிறவருக்குக் குறைவான இடத்தில்தான் முள் முதலில் பொய்க்கும். அங்கேதான் அவருக்கு உண்மை மிகவும் தேவை. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் தன் சூட்டை ஆற்றிக்கொள்வதும் இந்தப் பெட்ரோலில்தான் என்பதால், அடிமட்டத்திலேயே ஓட்டுவது அதற்கும் நல்லதில்லை.

கறுப்புக்கு வேறொரு காரணமும் உண்டு: கந்தகம். விரலும் தொடர்புப் புள்ளிகளும் பெரும்பாலும் வெள்ளி கலந்தவை. பெட்ரோலில் மிஞ்சியிருக்கும் வினைபுரியும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலமாகிறது. வீட்டு வெள்ளிக் கொலுசு கறுக்கும் அதே வேதியியல். 2004 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பகுதியில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, கார்களின் கேஜ்கள் கெட்டு, நூற்றுக்கணக்கான பங்குகளில் ஷெல் நிறுவனம் விற்பனையை நிறுத்தவேண்டி வந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. அதற்கு முந்தைய பிஎஸ்-4 எரிபொருளில் 50. காற்றுக்காகச் செய்த மாற்றம் டேங்க் யூனிட்டுக்கும் நன்மை. உரசலே இல்லாமல், காந்தத்தின் நிலையை வைத்துக் கோணத்தை அறியும் மூடிய யூனிட்களும் இப்போது வருகின்றன.

எல்லாக் கோளாறும் தேய்மானம் இல்லை. பழைய பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து மிதவை மூழ்கிவிடும்; ஃபுல் டேங்கிலும் முள் ஈ கோட்டை விட்டு எழாது. டேங்க் தகரமாக இருந்த காலத்து வண்டியில், வேகத்தடையில் அடிபட்டு அடிப்பாகம் உள்வாங்கியிருந்தால், முள் சரியாகவே இருக்கும், லிட்டர்தான் குறைந்திருக்கும். ஏரியில் வண்டல் படிந்தபின் பழைய அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுவதற்குச் சமம் அது. பழைய வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒன்றாகத் தப்பு காட்டினால் டேங்கைத் தொடவே வேண்டாம். இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் பொதுவான ஸ்டெபிலைசரைப் பார்க்கவேண்டும்.

இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் அடிக்கடி பார்ப்பது வெள்ளம் விட்டுப்போன கோளாறு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கொரட்டூர், அம்பத்தூர் தெருக்களில் சீட் மட்டம் வரை தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். எஞ்சினைத் துடைத்து ஓடவைத்துவிடுவார்கள். சீட்டுக்கு அடியிலிருக்கும் கப்ளர் யார் கண்ணிலும் படாது. ஓராண்டு கழித்து அதில் பச்சைக் களிம்பு பூக்கும், வேண்டாத ஓம்கள் சேரும். டேங்குக்குள்ளேயே தண்ணீர் போயிருந்தால் மிதவை அதை மறுக்காது. பெட்ரோலின் அடர்த்தி 0.74 அளவில், தண்ணீருடையது 1. அடியில் தேங்கும் தண்ணீர் மேலே இருக்கும் பெட்ரோலைத் தூக்கிக்கொடுக்கும், முள் இரண்டையும் சேர்த்தே எண்ணும். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியில் அளவுகோலை இறக்குவதற்குமுன் அதன் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவுவது அதற்காகத்தான்.

முள் மேல் பழிபோடுவதற்குமுன் கழிக்கவேண்டிய சந்தேகங்களும் உள்ளன. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் “முள் சீக்கிரம் இறங்குது” என்று சொல்பவர்கள் அதிகம். எத்தனாலின் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலப்பில் அது ஏறக்குறைய 6–7 சதவீதக் குறைவாக வரும். இறங்குவது உண்மையான பெட்ரோல்தான். முள்ளின் மேல் தப்பில்லை. பங்கின் அளவில் சந்தேகம் இருந்தால், அங்கேயே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்குவளையைக் கேட்கலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் முன்பின் இருக்கலாம். கேட்டால் காட்டவேண்டியது அவர்கள் கடமை.

என்னை அன்றிரவு அதிகம் ஏமாற்றியது டாஷ்போர்டில் முள்ளுக்குப் பக்கத்திலிருந்த எண்: இன்னும் 110 கிலோமீட்டர் ஓடும் என்று அது சொல்லியிருந்தது. இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த எண்ணும் அதே மிதவையைக் கேட்டுத்தான் வருகிறது. என் காரில் பெட்ரோல் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கும் அப்படியே. சில பழைய கார்களில் விளக்குக்குத் தனிச் சாட்சி இருந்தது: டேங்கின் அடியில் வெப்பத்தால் மின்தடை குறையும் ஒரு சிறு மணி. பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும். மட்டம் இறங்கி வெளியே வந்ததும் சூடாகி விளக்கை எரியவைக்கும். மிதவை எதைச் சொன்னாலும் அது தன் வழியில் உண்மையைச் சொல்லிவிடும். பழைய பைக்கின் ரிசர்வ் குழாய் அதைவிட எளிது: இரண்டு உயரங்களில் இரண்டு வாய்கள், மின்சாரமே கிடையாது. டேங்கை ஆட்டிக் காதால் கேட்டு, வீடு போய்ச்சேரலாமா என்று முடிவு செய்த தலைமுறை நாங்கள். லாரி ஓட்டுநர் இன்றும் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்க்கிறார்.

குச்சி விட்டுப் பார்த்தும் போதாமல்போன கதை ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் விமானம், புத்தம்புது போயிங் 767, 69 பேருடன் 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீர்ந்து அதன் இரு எஞ்சின்களும் நின்றுபோயின. அதன் எரிபொருள் கேஜ் கருவி சரியாகப் பற்றாத ஒரு பற்றவைப்பால் முன்பே செயலிழந்திருந்தது. அதனால் தரையில் இறக்கைகளுக்கு அடியிலிருந்து அளவுக்கம்பியால் அளந்தார்கள்: 7,682 லிட்டர். அளவு சரி. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்கியிருக்கவேண்டும், கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம், பழக்கத்தால் பவுண்டுக்கான 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். 20,000 லிட்டர் ஊற்றவேண்டிய இடத்தில் 5,000 லிட்டர்கூட ஊற்றவில்லை. கேப்டன் பாப் பியர்சன் எஞ்சின் இல்லாத விமானத்தைச் சறுக்கிக்கொண்டே போய், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டு கார் பந்தயத்துக்குப் பயன்பட்ட ஓடுபாதையில் இறக்கினார்; எல்லோரும் பிழைத்தார்கள். அளவுகோல் சரியாக இருந்தது, அட்டவணை தப்பாகிப்போனது.

என் காருக்குப் புது யூனிட் வந்தது. பாடி, அம்பத்தூர் எஸ்டேட் பகுதியில் அறுபது ஆண்டுகளாக வாகன உதிரிபாகங்கள் செய்கிறார்கள்; 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பாடியில் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது, கோவையில் 1975-இல் தொடங்கிய பிரிக்கால் டாஷ்போர்டுக் கருவிகளும் எரிபொருள் மட்ட உணரிகளும் செய்கிறது. யூனிட்டை மாட்டுவதற்குமுன் மேசையிலேயே கம்பியை நகர்த்தி ஓம்களை அளந்து காட்டினார் மெக்கானிக்: அடியில் 11, உச்சியில் 179, நடுவே எங்கும் தாவல் இல்லை.

“இப்ப டேங்க் காலியா இருக்கு சார். இந்தச் சான்ஸ் மறுபடி கெடைக்காது. அஞ்சு அஞ்சு லிட்டரா போட்டு எழுதி வெச்சுக்குங்க.”

திருமுல்லைவாயல் போகும் வழியில் ஒரு பங்கில், காலை கூட்டம் இல்லாத நேரத்தில், அதைச் செய்தோம். ஐந்து லிட்டர் ஊற்றுவது, சாவியைத் திருப்புவது, முள் அடங்கும்வரை ஒரு நிமிடம் காத்திருப்பது, எழுதுவது. சாவியை அணைத்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும். வண்டி ஓடும்போது பெட்ரோல் அலுங்குவதை முள் பின்தொடராமலிருக்க உள்ளே மென்பொருள் சராசரி எடுக்கிறது, அணைத்துப் போட்டால்தான் புதிய மட்டத்தை உடனே ஏற்கும். தரை சமமாக இருக்கிறதா என்று ஒரு பாட்டிலைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டோம். முதல் ஐந்து லிட்டருக்கு முள் ஈ கோட்டை விட்டு ஒரு நூல்தான் எழுந்தது. கால் கோட்டைத் தொடப் பத்து லிட்டருக்கு மேல் ஆயிற்று. கடைசி ஐந்து லிட்டருக்கு முள் அசையவே இல்லை. எஃப் கோட்டுக்கு மேலேயும் டேங்கில் இடம் இருந்திருக்கிறது. எட்டு வரிகளுள்ள அந்தச் சீட்டைக் கையுறைப் பெட்டியில், ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.